ஆணியில் தொங்கிய துப்பட்டி

786
காரைக்கால்
20-2-1954

கடல் தாண்டி இருக்கும் நானா தாவூது அவர்களுக்கு, தங்கை அஜீசுன்னிசா ஸலாம் கூறி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சைகோன் பக்கம் சண்டை நெருங்குகிறது என்று கடைத்தெருவில் பேசுகிறார்களாம். இங்கே பிள்ளைகளுக்குச் சுகம். எனக்கும் சுகம். எல்லோரும் சுகம் என்று எழுதி முடித்துவிடத்தான் மாமா சொன்னார். என்னால் முடியவில்லை.

உம்மாவைக் காணோம் நானா.

போன திங்களுக்கு முந்தின திங்கட்கிழமை. மதியம் லுஹர் தொழுதார், முஸல்லாவை மடித்து வைத்தார். "கொஞ்சம் தலைய சாய்ச்சிக்கிறேன், சின்னவன அழவுடாதே" என்றார். அடுப்படியை ஒழித்துவிட்டு வந்து பார்த்தால் படுக்கை காலி. கொல்லையில் இல்லை, மாடியில் இல்லை. வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. துப்பட்டி அதன் ஆணியிலேயே தொங்கியது.

அந்தத் துப்பட்டிதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. தலையோடு கால் அந்த வெள்ளைத் துணியைப் போர்த்தாமல் உம்மா வாசற்படி தாண்டியதை நாம் பிறந்ததிலிருந்து பார்த்ததுண்டா? ஆகவே வெளியே போகவில்லை என்று முடிவு கட்டினோம். நாகூர் மீரான் மாமா வந்து தன் கையாலேயே பாதாளக்கரண்டி போட்டுக் கிணற்றைத் துழாவினார். பழைய வாளி ஒன்று வந்தது.

பிறகு மாமா செய்ததை எழுதக் கை கூசுகிறது. "வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும். நாகூர் கந்தூரிக்குப் போயிருக்கான்னு சொல்லு" என்றார். சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். எதிர்வீட்டு பத்ருன்னிசா, "வர்றப்ப எனக்கும் கொஞ்சம் சந்தனம் கொண்டாரச் சொல்லு" என்றாள். அதற்கும் தலையாட்டினேன். கந்தூரி முடிந்தது, போனவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், உம்மா மட்டும் திரும்பவில்லை. தேடவேண்டிய நாட்களிலெல்லாம் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நீங்கள் புறப்பட்டு வாருங்கள். எழுதுவதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் ஆயுளுக்கு துஆ கேட்கும்,
அஜீசுன்னிசா


786
சைகோன்
9-3-1954

தங்கச்சி அஜீசுன்னிசாவுக்கு, நானாவின் ஸலாமும் துஆவும். மச்சான் முகைதீன் பிச்சைக்கும் மாமாவுக்கும் என் ஸலாம் சொல். பிள்ளைகளுக்கு முத்தம். இங்கே நான் அல்லாஹ் காவலில் இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று கடையைப் பாதியில் மூடிவிட்டேன். உம்மாவுக்கு யாரோடாவது மனத்தாங்கல் உண்டா? நீயோ மச்சானோ ஏதாவது சொல்லித்தொலைத்தீர்களா? போலீசில் எழுதி வைத்தீர்களா? மானம் பார்க்கிற நேரமல்ல இது என்று மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

ஒரு விஷயம். என்னோடு கடையில் வேலை பார்த்த பட்டினத்துப் பையன் அப்துல் லத்தீப், ஜனவரியில் ஊர் வந்தானே, சாமானைக் கொண்டுவந்து கொடுத்தானா? உம்மாவிடம் என்ன பேசினான்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

நான் உடனே கிளம்ப முடியாத நிலை. மற்றவை உன் பதில் கண்டு.

என்றும் நலம் நாடும்,
தாவூது


786
காரைக்கால்
28-3-1954

மதிப்புக்குரிய நானாவுக்கு, தங்கையின் ஸலாம். கடிதம் கிடைத்தது. சின்னவனுக்கு மாந்தம் வந்து போய்விட்டது. உங்களுக்குத் தலைவலி விட்டதா?

போலீசுக்குப் போனார்கள். மாமாவும் உங்கள் மச்சானும். வெள்ளைக்காரக் கொமிஸேர் பிரெஞ்சில் கேட்க, குமாஸ்தா குஞ்சிதபாதம் தமிழில் சொன்னாராம். போட்டோ இருக்கிறதா? இல்லை. உயரம் எவ்வளவு? முகத்தில் மச்சம், தழும்பு ஏதாவது? மாமாவுக்குத் தெரியும். அந்நிய ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் கூடப்பிறந்தவளின் முகத்தை எப்படி வருணிப்பது என்று வாயைத் திறக்கவில்லை. உங்கள் மச்சானைக் கேட்டார்கள். "நான் மாமியாவ பாத்ததில்லீங்க" என்றாராம்.

"எட்டு வருசமா ஒரே ஊட்டுல இருக்கீங்க?" என்று குஞ்சிதபாதம் சிரித்திருக்கிறார். மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து இருப்பதும், மாமியார் அவர் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னாலேயே காலம் தள்ளுவதும் நம் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கொமிஸேருக்கு யார் புரியவைப்பது? உம்மா அவரிடம் ஒரு வார்த்தை நேரே பேசியதில்லை. "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைய்யி" என்பதுகூட என் காதில்தான் சொல்வார்.

தெருவில் விசாரித்தால் அதைவிடக் கேலி. துப்பட்டி போட்ட பெண் எதிரே வந்தால் ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதுதானே நம் மரியாதை? முப்பது வருஷம் மரியாதையாகத் திரும்பி நின்றவர்களிடம் போய், "எங்க உம்மாவப் பாத்தீங்களா" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கடைசியில் மாமா சொன்ன அடையாளம் ஒன்றே ஒன்று. வெள்ளைச் சீலை கட்டிய விதவை, வயது ஐம்பது. அப்படித் தேடினால் இந்த ஊரில் தெருவுக்கு நாலு உம்மா கிடைப்பார்கள்.

வெளியாளில் உம்மாவின் முகம் தெரிந்தவள் மீன் கொண்டுவரும் கருக்களாச்சேரி குஞ்சம்மாள் ஒருத்திதான். கொல்லைக்கதவில் உட்கார்ந்து இருவரும் விலை பேசிச் சண்டை போடுவார்களே. போகிற ஊரிலெல்லாம் பார்த்து வருகிறேன் என்றிருக்கிறாள்.

அப்துல் லத்தீப் வந்தான். சால்வையும் சோப்பும் கொடுத்தான். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். நான் அடுப்படியில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை. அவன் போனபிறகு, "என்ன சொன்னான் உம்மா?" என்றேன். "ஸலாம் சொன்னான்" என்றார். அன்று பணியாரத்தைத் தொடவில்லை. அவனைப் பற்றி எதற்கு இவ்வளவு அழுத்திக் கேட்கிறீர்கள்?

எப்போது வருகிறீர்கள்?

பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அஜீசுன்னிசா


786
சைகோன்
30-4-1954

தங்கச்சிக்கு ஸலாம். நோன்பு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம்.

அப்துல் லத்தீப்பைப் பற்றி ஏதோ ஞாபகத்தில் கேட்டேன். அதற்கு ஒரு முக்கியமும் இல்லை. அவனைப் போய்த் தொந்தரவு செய்யாதே, அறியாப் பையன்.

இங்கே நிலைமை மோசம். வடக்கே பெரிய சண்டை. கப்பலில் இடம் கிடைப்பதில்லை. நீங்கள் அந்த வெள்ளைச் சீலை அடையாளத்தையே மாயவரம், கும்பகோணம், நாகப்பட்டினம் ஆட்களுக்கும் எழுதுங்கள். உம்மா அதிக தூரம் போயிருக்க மாட்டார்.

பெருநாளைக்கு முன்கூட்டியே வாழ்த்து.

தாவூது


786
காரைக்கால்
8-6-1954

நானாவுக்கு ஸலாம். பெருநாள் போய்விட்டது. பிள்ளைகளுக்காக வட்டிலப்பம் செய்தேன். யாருக்கும் இறங்கவில்லை. உங்களுக்கு அங்கே யார் சமைத்துப் போட்டார்கள்?

நோன்பின் கடைசியில் குஞ்சம்மாள் ஓடிவந்தாள். "அம்பகரத்தூர் திருவிழாவுக்கு போயிருந்தேன் யம்மா. கோயிலுக்கு வெளிய மரத்தடியில வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நம்ம அம்மாதான். கூப்புட்டேன், பேசல" என்றாள். உங்கள் மச்சான் நோன்போடு பஸ் ஏறினார். திருவிழாக் கூட்டத்தில் குஞ்சம்மாளை முன்னே விட்டுப் பின்னாலேயே போயிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் யாரோ திருநள்ளாற்றுப் பக்கத்து அம்மாள், மகனோடு கோபித்துக்கொண்டு வந்தவள். குஞ்சம்மாள் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். அந்த அம்மாளை அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். யார் வீட்டு உம்மாவோ வீடு போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பெருநாள் அன்று உம்மாவின் பெட்டியைத் திறந்தேன். ஏதாவது ஒரு துணியை முகர்ந்து பார்க்கத்தான். அடியில் வாப்பா கடைசியாக அனுப்பிய அரக்குச் சீலை இருக்குமே, அதைக் காணோம். அதற்குள் சுற்றி வைத்திருந்த தகர டப்பா இருந்தது. திறந்தேன். கருகமணி இல்லை.

நிக்காஹில் கழுத்தில் கட்டிய நாள்முதல் கழற்றாத கருகமணியை, சைகோனிலிருந்து வாப்பா மௌத் என்ற சேதி வந்த அன்று உம்மா கழற்றினார். என் கண்முன்னால்தான் கழற்றினார். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இப்போது அது எதற்கு? அரக்குச் சீலை எதற்கு?

நாம் ஊரெல்லாம் வெள்ளைச் சீலையைத் தேடிக்கொண்டிருந்தோம் நானா.

அன்று சாயங்காலம் உங்கள் மச்சானிடம் அரக்குச் சீலை, சரிகைக் கரை என்று சொல்லத் தொடங்கினேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அந்தத் திங்கட்கிழமை அவருடைய கடைக்கு ஒரு அம்மாள் வந்தார்களாம். உங்களுக்குத்தான் தெரியுமே, அத்தர், தொப்பி, சீப்பு, கண்ணாடி விற்கும் கடை. அரக்குச் சீலை, முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்கள், கழுத்தில் கருகமணி. வெளியூர்க்காரர்கள், கந்தூரிக்குப் போகிறவர்கள் என்று நினைத்திருக்கிறார். ஒரு கைக்கண்ணாடியை எடுத்து முகத்தைப் பார்த்தார்களாம். திருப்பி வைத்துவிட்டு இவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்களாம். "என்ன வேணும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணும் வேணாம். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்களாம்.

போய்விட்டார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று இவர் கவனிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு இவர் அழுதார், இவர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. துப்பட்டி போட்டிருந்தால் தெருவே ஒதுங்கி வழிவிட்டிருக்கும், எந்த வீட்டுப் பெண் என்று யாராவது யோசித்திருப்பார்கள். அது இல்லாமல் போனதால் சொந்தத் தெருவிலேயே யாரோவாகப் போய்விட்டார்.

ஏன் கருகமணி, ஏன் அன்றைக்கு? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுதுங்கள்.

தூக்கமில்லாத தங்கை,
அஜீசுன்னிசா


786
காரைக்கால்
25-8-1954

நானாவுக்கு ஸலாம். நலமா? நோன்புப் பெருநாளுக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. சைகோன் தபால் ஒழுங்காக வருகிறது என்று பத்ருன்னிசா சொல்கிறாள், அவள் புருஷன் கடிதம் ரெண்டு வந்திருக்கிறது.

அரக்குச் சீலையைப் பற்றி நான் எழுதியது கிடைத்ததா இல்லையா, அதை மட்டுமாவது எழுதுங்கள்.

அஜீசுன்னிசா


786
சைகோன்
12-9-1954

அன்புத் தங்கச்சிக்கு ஸலாமும் துஆவும். இருவருடைய உடல்நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய விரும்புகிறேன். எனக்குக் காய்ச்சலாக இருந்ததால் எழுதத் தாமதம்.

மாமா எனக்குத் தனியாக எழுதியிருந்தார். ஊரார் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்களாம். ஆலிம்சாவிடமும் கேட்டாராம். உம்மா மௌத்தாகிவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கத்தம் பாத்திஹா ஓதி நாலு பேருக்குச் சோறு போட்டுவிட்டால் பேச்சு அடங்கும் என்கிறார். மகன் சம்மதம் வேண்டும் என்று கேட்டார். எழுதி அனுப்பிவிட்டேன். நீயும் பிடிவாதம் பிடிக்காதே. கண்டதைக் கிளறிக்கொண்டிருந்தால் நமக்குத்தான் நிம்மதி கெடும்.

சீலை, கருகமணி பற்றி எழுதியிருந்தாய். வயதானால் மனம் தடுமாறும். அவ்வளவுதான்.

தாவூது


786
காரைக்கால்
10-11-1954

நானாவுக்கு ஸலாம். உங்கள் காய்ச்சல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே இந்த மாதம் பிறந்ததும் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிவிட்டது. பட்டாசு, ஊர்வலம் என்று ஊரே அமர்க்களப்பட்டது. கொமிஸேர் கப்பலேறிவிட்டார். புதிய அதிகாரி மாமாவைக் கூப்பிட்டு, "போட்டோ இருக்கா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

மனம் தடுமாறி விட்டது என்று எழுதினீர்களே, அந்த வரி என்னை உட்காரவிடவில்லை. உம்மாவுக்கா மனத் தடுமாற்றம்? குஞ்சம்மாளிடம் அரையணா ஏமாறாதவர் அவர். உங்கள் மச்சானைக் கூட்டிக்கொண்டு அவன் ஊர் பட்டினத்துக்குப் போனேன். அப்துல் லத்தீப்பின் வீட்டில் திரை போட்டு என்னை அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். நான் திரையை ஒதுக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"லாத்தா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றான். "மகனும் வாப்பாவும் சௌக்கியமா இருக்காங்க, ரெண்டு பேரும் ஸலாம் சொன்னாங்கன்னுதான் சொன்னேன். பெரியவரு ஒண்ணும் சொல்லியனுப்பல. ஆனா மகன் பேருல மட்டும் ஸலாம் சொன்னா மரியாதையா இருக்காதேன்னு நானே சேத்துக்கிட்டேன்."

அறியாப் பையன்தான். நம் வீட்டில் அந்தப் பெரியவர் எட்டு வருஷத்துக்கு முன்பே செத்துப்போனவர் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? நீங்களும் அதைச் சொல்லியனுப்பவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை, போகிற வீட்டில் ஒரு ஸலாம் கூடுதலாகச் சொன்னான்.

"உம்மா என்ன சொன்னாங்க?" என்றேன். "அவருக்கு முடி நரைச்சிருக்கான்னு கேட்டாங்க லாத்தா. கொஞ்சம் நரைச்சிருக்குன்னேன். சரி வாப்பான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க." அங்கே வாப்பாவுக்கு ஒரு வீடும், அந்த ஊர்ப் பெண்ணும், ரெண்டு பிள்ளைகளும் இருப்பதையும் அவன்தான் என்னிடம் சொன்னான். நல்லவேளை, உம்மாவிடம் அதைச் சொல்லவில்லையாம்.

இன்னொரு பெண்ணைக் கட்டியிருந்தால் கட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். உம்மா அழுதிருப்பார், திட்டியிருப்பார், பிறகு அந்தப் பிள்ளைகளுக்கும் சட்டைத்துணி வாங்கி அனுப்பியிருப்பார். உலக யுத்தம் முடிந்து முதல் கப்பலில் வந்த ஆள் வாப்பா மௌத் என்று சொன்னாரே, அவரை அப்படிச் சொல்லச் சொன்னது யார்? உம்மா நாலு மாதம் பத்து நாள் வெயில் முகத்தில் படாமல் இத்தா இருந்தார். உயிரோடிருக்கிற மனுஷனுக்கு இத்தா இருந்த பெண்ணை இந்த ஊர் இதற்குமுன் பார்த்திருக்குமா?

நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் எழுதினீர்கள், "வாப்பாவின் கபுருக்குப் போனேன், பாத்திஹா ஓதினேன்" என்று. அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான். திரும்பத் திரும்ப மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். யார் கபுர் நானா அது?

போன வெள்ளிக்கிழமை கத்தத்துக்கு சோறு ஆக்க வாடகைத் தேக்சா மூன்று வந்து வாசலில் இறங்கின. மாமா ஆடுகூடப் பிடித்துவிட்டார். தேக்சாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மாமா கத்தினார். "இது எனக்கு உம்மா கொடுத்த வீடு மாமா. உசுரோட இருந்தவருக்கு ஒரு தடவ இந்த வீட்டுல ஓதியாச்சு. ரெண்டாந்தடவ ஓதவிட மாட்டேன்" என்றேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அஜீசுன்னிசா


786
சைகோன்
20-12-1954

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய்.

வாப்பாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. முழுவதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். மறுநாள் நான் கடைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். கருகமணியைக் கையில் எடுத்துக்கொண்டு போனாளா, கழுத்தில் போட்டுக்கொண்டு போனாளா?

தாவூது


786
காரைக்கால்
16-1-1955

நானாவுக்கு, தங்கை அஜீசுன்னிசாவின் ஸலாம். கோபத்திலும் ஸலாம் சொல்லாமல் தொடங்க எனக்கு வரவில்லை. உம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. எல்லோருக்கும் சுகம்.

கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போனார் என்று அவரிடம் சொல்லுங்கள். உங்கள் மச்சான் கண்ணால் பார்த்தார். ஆனால் அதைக் கேட்டு அவர் மனம் குளிர வேண்டாம். அவரைத் தேடிக்கொண்டு புறப்பட்டாரோ, அவர் கண்ணிலும் எங்கள் கண்ணிலும் இனிப் படவே கூடாது என்று புறப்பட்டாரோ, எனக்குத் தெரியாது. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. பேராளத்துக்கு ரயில் ஏறினாரா, வாஞ்சூர் எல்லைச் சாவடி தாண்டி நடந்தாரா, அதுவும் தெரியாது. பொய்க்காகக் கழற்றியதை மறுபடி போட்டுக்கொண்டார். அதுவரைதான் எனக்குத் தெரியும்.

ஒருவேளை என்றாவது அங்கே உங்கள் கடை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றால், என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். கையைப் பிடித்து உட்காரவையுங்கள். பிறகு எனக்குத் தந்தி அடியுங்கள்.

இங்கே துப்பட்டியைத் துவைத்து அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். கூடத்துத் திரையை மட்டும் கழற்றி எடுத்துவிட்டேன்.

நேற்று மாமா சண்டைக்கு வந்தார். "ஒம் புருஷனுக்கு என்ன வந்திச்சு? கடையில ஒக்காந்துக்கிட்டு தெருவுல போற பொம்பளைங்க மூஞ்சிய எல்லாம் உத்து உத்துப் பாக்குறானாமே. ஜமாத்துல கேக்குறாங்க. எனக்குத் தலைகுனிவா இருக்கு" என்றார். உண்மைதான். துப்பட்டி போட்டவர்கள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். மற்றபடி மீன்காரி, புல்லுக்கட்டுக்காரி, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், யார் போனாலும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார். இத்தனை நாள் தலைநிமிராத மனுஷன், பாவம், அதற்கு ரெண்டு பேரிடம் வசவும் வாங்கியிருக்கிறார்.

"அவரப் பாக்கச் சொன்னதே நான்தான் மாமா" என்றேன். "உம்மாவ அவரு ஒரு தடவ பாத்திருக்காரு. இன்னொரு தடவ பாத்தா அவருக்கு அடையாளம் தெரியும்."

இதை எழுதி முடிக்கும்போது லுஹர் பாங்கு சொல்கிறது. தொழுதுவிட்டு வாசலில் போய் நிற்கவேண்டும்.

உம்மாவின் மகள்,
அஜீசுன்னிசா